18ஆம் நூற்றாண்டுப் போர்க்கப்பலில் ஒரு சாதாரண மாலுமி எப்படி வாழ்ந்தான்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "18ஆம் நூற்றாண்டின் பாய்மரப் போர்க்கப்பல்களில் சாதாரண மாலுமிகளின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது? படங்களில் காட்டுவதுபோல புழுத்த பிஸ்கட், ரம், சவுக்கடி, இவ்வளவுதானா?"

இவை மூன்றும் இருந்தன. ஆனால் இவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த மனிதர்கள் நமக்குப் புரியவே மாட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படையை வைத்தே பதில் சொல்கிறேன். அதன் கணக்குப் புத்தகங்களும் கப்பல் குறிப்பேடுகளும் ஏராளமாகப் பிழைத்திருக்கின்றன. 1797இல் அந்தக் கடற்படையின் மாலுமிகளே தங்கள் குறைகளை எழுதி அரசாங்கத்திடம் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் சவுக்கடியை நிறுத்தச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. சம்பளம், எடைக்கல், காய்கறி, நோயாளிகளின் கவனிப்பு, கரைக்குப் போக விடுப்பு ஆகியவைதான் இருந்தன. கப்பல் வாழ்க்கையில் உண்மையில் எது வலித்தது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் கடற்படையின் முதுகெலும்பாக இருந்தவை 74 பீரங்கிக் கப்பல்கள். பீரங்கித் தளத்தின் நீளம் ஏறக்குறைய 52 மீட்டர், அகலம் 14 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதற்குள் சுமார் 600 பேர். கப்பலை ஓட்ட மட்டும் என்றால் இத்தனை பேர் தேவையில்லை. கீழ்த்தளத்தில் இருந்த, 32 பவுண்டு எடையுள்ள குண்டைச் சுடும் பீரங்கி ஒன்றின் எடையே மூன்று டன்னை ஒட்டி வரும். அதைப் பின்னுக்கு இழுத்து, குண்டு போட்டு, மறுபடி முன்னுக்குத் தள்ள ஒரு டஜன் ஆட்கள் வேண்டும். ஆக, அந்த நெரிசலுக்குக் காரணம் பீரங்கிகள்தான். மாலுமிகள் தூங்கியதும் சாப்பிட்டதும் துணி தைத்ததும் அரட்டை அடித்ததும் எல்லாம் அந்தப் பீரங்கிகளுக்கு நடுவேதான்.

படுக்கை என்பது உத்தரத்தில் மாட்டிய கித்தான் தூளி. ஒருவனுக்கு விதிப்படி ஒதுக்கிய அகலம் 14 அங்குலம், அதாவது சுமார் 35 சென்டிமீட்டர். கேட்டாலே மூச்சு முட்டுகிறது. ஆனால் கடலில் போகும்போது ஆட்களில் பாதிப் பேர் எப்போதும் மேல்தளத்தில் வேலையில் இருப்பார்கள். இரண்டு குழுக்களின் தூளிகளையும் மாற்றி மாற்றி மாட்டியிருப்பதால் பக்கத்துத் தூளி காலியாக இருக்கும். உண்மையில் 28 அங்குலம் கிடைத்துவிடும். துறைமுகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்கும்போதுதான் முழு நெரிசல். தளத்தின் உயரமும் குறைவு, உத்தரத்துக்குக் கீழே பலர் குனிந்துதான் நடக்க வேண்டும். அலை பெரிதாக இருந்தால் பீரங்கி ஜன்னல்களை மூடிவிடுவார்கள். ஈரத்துணி, வியர்வை, அடித்தட்டில் தேங்கிய நீர், தார் எல்லாம் கலந்த காற்றைத்தான் அப்புறம் சுவாசிக்க வேண்டும். கழிப்பிடம் கப்பலின் மூக்குப் பகுதியில், திறந்தவெளியில், கீழே கடல் தெரியும் துளையிட்ட இருக்கைகள். 800 பேருக்கு மேல் இருந்த விக்டரி கப்பலிலேயே சாதாரண மாலுமிகளுக்கு அரை டஜன் இருக்கைகள்தான்.

நேரத்தை அளந்தது மணற்கடிகாரம். அரை மணிக்கு ஒருமுறை அதைத் திருப்பி வைத்து மணி அடிப்பார்கள். முதல் அரை மணிக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, இப்படி எட்டு மணி அடித்தால் நான்கு மணி நேர வாட்ச், அதாவது ஒரு முறை வேலை, முடிந்தது. ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்திருப்பார்கள். ஒரு குழு மேலே, ஒரு குழு கீழே. மாலை 4 முதல் 8 வரை உள்ள நேரத்தை மட்டும் இரண்டிரண்டு மணி நேரமாக உடைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் ஒரே குழுவுக்குத் தினமும் நள்ளிரவு முதல் 4 மணி வரையிலான வேலையே விழும். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் பொருள், தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் கிடையாது என்பதுதான். நள்ளிரவில் புயல் வந்தால் "எல்லோரும் மேலே" என்ற கூப்பாட்டோடு அதுவும் போய்விடும். மாதக்கணக்கில் இப்படி அரைகுறையாகத் தூங்கும் உடம்பு என்ன ஆகும் என்று இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தச்சர், சமையல்காரர், பாய் தைப்பவர் போன்றோர் மட்டும் பகல் முழுக்க வேலை செய்துவிட்டு இரவு முழுவதும் தூங்கலாம்.

விடியற்காலை வேலை தளம் கழுவுவது. மணலைத் தூவி, தண்ணீர் ஊற்றி, முழங்காலிட்டுக் கல்லால் தேய்ப்பார்கள். குளிர்காலத்து வட அட்லாண்டிக்கில் வெறுங்காலோடு இதைச் செய்ய வேண்டும். ஏழரை மணிவாக்கில் தூளிகளைச் சுருட்டிக் கட்டி மேலே கொண்டுவந்து, கப்பல் ஓரத்து வலைகளில் வரிசையாக அடுக்க வேண்டும். அது கீழ்த்தளத்தில் இடத்தையும் தந்தது, சண்டையில் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் அரணாகவும் நின்றது. 8 மணிக்குக் காலை உணவு. நண்பகலில் அதிகாரிகள் சூரியனின் உயரத்தை அளந்து நேரம் சொன்னதும் எட்டு மணி அடிப்பார்கள். கடற்படையின் நாளே அப்போது நண்பகலில்தான் தொடங்கியது, 1805 வரை குறிப்பேடுகளை அப்படித்தான் எழுதினார்கள். அந்த மணியோடு மாலுமிக்கு முக்கியமான சாப்பாட்டு நேரமும் வந்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒருவனுக்கு வாரத்துக்கு அதிகாரபூர்வ அளவு இது: 7 பவுண்டு பிஸ்கட், 4 பவுண்டு உப்பு மாட்டிறைச்சி, 2 பவுண்டு உப்புப் பன்றி இறைச்சி, 2 பைண்ட் பட்டாணி, ஓட்ஸ், 6 அவுன்ஸ் வெண்ணெய், 12 அவுன்ஸ் பாலாடைக்கட்டி. கூடவே நாளுக்கு ஒரு காலன், அதாவது நாலரை லிட்டர் மென்மையான பீர். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் இறைச்சி கிடையாது. கணக்குப் போட்டால் நாளுக்கு 4500 முதல் 5000 கலோரி வரை வரும். அன்றைய இங்கிலாந்தில் ஒரு விவசாயக் கூலி வாரத்தில் நான்கு நாள் இறைச்சி சாப்பிடுவதைக் கனவில்தான் பார்த்திருப்பான். சூடான உணவு தினமும் உறுதி என்பதே பலரைக் கடற்படைக்கு இழுத்தது.

புழுத்த பிஸ்கட் கதை? மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கல்போலச் சுட்ட பிஸ்கட்டில், வெப்பமான கடல்களில் நெடுநாள் வைத்திருந்தால் வண்டு விழத்தான் செய்யும். மேசையில் தட்டி வண்டை உதிர்த்துவிட்டுச் சாப்பிட்டது உண்மை. ஆனால் உணவு வழங்கும் வாரியத்தின் 1750களின் கணக்குகளைப் பார்த்தால், கெட்டுப்போனதென்று கழித்த பிஸ்கட்டும் இறைச்சியும் நூற்றில் ஒரு பங்குகூட வராது. குளிர்சாதனம் இல்லாத காலத்தில், ஆயிரக்கணக்கான டன் உணவை உப்பையும் பீப்பாயையும் மட்டும் நம்பி உலகம் முழுக்க அனுப்பியவர்களின் திறமை இது. இதைப் பலரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். உணவைவிடத் தண்ணீர்தான் மோசம். மரப்பீப்பாயில் சில வாரங்களிலேயே பச்சை பிடித்து நாறும். இரும்புத் தொட்டிகள் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தன.

மாலுமிகளை எரிச்சலூட்டியது உணவின் தரத்தைவிட அதன் எடை. கப்பலின் பண்டகப் பொறுப்பாளரான பர்ஸர் கொடுத்த பவுண்டில் 16 அவுன்ஸுக்குப் பதிலாக 14 அவுன்ஸ்தான் இருந்தது. சிந்துவது, கசிவது, எலி தின்பது எல்லாவற்றுக்கும் ஈடாக எட்டில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ள அவருக்கு அனுமதி இருந்தது. பொருள் குறைந்தால் தன் கையிலிருந்து கட்ட வேண்டியவர் என்பதால் அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் பட்டாணிக் கஞ்சிக்காக வரிசையில் நிற்பவன் கண்ணுக்கு அது திருட்டாகத்தானே தெரியும்?

சாப்பிடுவது குழுக் குழுவாக. நாலு பேர் முதல் எட்டுப் பேர் வரை ஒரு குழு. இரண்டு பீரங்கிகளுக்கு நடுவே கயிற்றில் தொங்கும் பலகைதான் மேசை. முறைவைத்து ஒருவன் அந்த வாரத்துக்குப் பொறுப்பேற்று, இறைச்சியை வாங்கி, குழுவின் அடையாளத் தகட்டைக் கட்டிச் சமையல்காரரிடம் கொடுப்பான். சமையல்காரர் பெரும்பாலும் கால் இழந்த பழைய மாலுமியாக இருப்பார். சமையல் என்று பெரிதாக ஒன்றுமில்லை, பெரிய செப்புக் கொப்பரையில் எல்லாவற்றையும் வேக வைப்பதுதான். வெந்த இறைச்சி வந்ததும் துண்டு போடுவார்கள். ஒருவன் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பான். "இது யாருக்கு?" என்று கேட்கக் கேட்க, பார்க்காமலே ஒவ்வொரு பெயராகச் சொல்வான். எலும்பு யாருக்குப் போனாலும் சண்டை வராது. இந்தக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாலுமிக்கு இருந்தது. ஒத்துப்போகாவிட்டால், பொதுவாக மாதத்துக்கு ஒருமுறை, அதிகாரியிடம் சொல்லிவிட்டு வேறு குழுவுக்கு மாறிக்கொள்ளலாம். எதிலும் சொந்த விருப்பத்துக்கு இடமில்லாத வாழ்க்கையில், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதை மட்டும் அவனே முடிவு செய்தான். கப்பலில் நட்பு வளர்ந்த இடமும் இதுதான். பின்னாளில் கலகம் பேசப்பட்டதும் இதே பலகைகளில்தான்.

பீர் தீர்ந்தபின் ரம். வெப்ப மண்டலக் கடல்களில் அரை பைண்ட் ரம், ஏறக்குறைய கால் லிட்டர், ஒரு நாள் பங்கு. அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பாய்மரத்திலிருந்து விழுந்தவர்கள் உண்டு. 1740இல் அட்மிரல் எட்வர்ட் வெர்னன், நான்கு பங்கு தண்ணீர் கலந்து, பகலில் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்க ஆணையிட்டார். அதுதான் க்ராக். விருப்பப்பட்டவர்கள் சர்க்கரையும் எலுமிச்சையும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அந்த ஆணையில் இருந்தது. புகையிலையைப் பெரும்பாலும் மென்றார்கள். மரமும் தாரும் வெடிமருந்தும் நிறைந்த கப்பலில் புகைக்க அனுமதித்த இடம் சமையலறையை ஒட்டிய பகுதி மட்டுமே.

இனி நோய். மாலுமியின் உண்மையான எதிரி இதுதான். ஏழாண்டுப் போருக்காக (1756-63) கடற்படையில் சேர்க்கப்பட்டவர்கள் 1,84,899 பேர் என்று 1763இல் ஒரு கணக்கு வெளியானது. அதில் சண்டையில் இறந்தவர்கள் 1,512 பேர். நோயில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 1,33,708. காணாமல் போனவர்களில் ஓடிப்போனவர்கள் நிறைய இருப்பார்கள், அதனால் இதை அப்படியே சாவு எண்ணிக்கையாக எடுக்கக் கூடாது. இருந்தும் எதிரியின் குண்டு எவ்வளவு சின்ன ஆபத்து என்பது தெரிகிறது. கட்டாயமாகப் பிடித்து வந்தவர்களின் அழுக்குத் துணிப் பேன்கள் மூலம் டைஃபஸ் காய்ச்சல் பரவியது. மேற்கிந்தியத் தீவுகளில் மஞ்சள் காய்ச்சல் காத்திருந்தது. நெடும்பயணங்களில் ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைவால் வரும் நோய்.

ஸ்கர்வி வந்தால் ஈறு வீங்கிக் கறுத்து, பல் ஆடி, பல ஆண்டுகளுக்கு முன் ஆறிய காயம்கூட மறுபடி பிளக்கும். கடற்படைத் தளபதி ஜார்ஜ் ஆன்சன் 1740இல் ஆறு போர்க்கப்பல்களில் சுமார் 1900 பேருடன் புறப்பட்டார். 1744இல் அவர் ஊர் திரும்பும்போது சுமார் 1400 பேர் இறந்திருந்தார்கள், பெரும்பாலும் ஸ்கர்வியில். எதிரியின் கையால் செத்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1747 மே மாதம், ஸாலிஸ்பரி கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஸ்கர்வி வந்த 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல்நீர், இப்படி ஆளுக்கொரு மருந்து. ஒரு ஜோடிக்கு மட்டும் தினமும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும். ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் அந்த ஜோடியில் ஒருவன் வேலைக்குத் திரும்பத் தயாராகிவிட்டான்.

பிறகு ஏன் கடற்படை முழுவதற்கும் எலுமிச்சைச் சாறு கிடைக்க 1795 வரை ஆனது? அதிகாரிகளின் அலட்சியம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அது நியாயமில்லை. லிண்டே தன் சோதனையிலிருந்து உறுதியான முடிவுக்கு வரவில்லை. சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாகாக்கி வைக்கலாம் என்று யோசனை சொன்னார். அந்தச் சூட்டில் சத்து பெருமளவு போய்விடும் என்று அன்று யாருக்கும் தெரியாது. குணமாகாததைப் பார்த்தவர்கள் எலுமிச்சை மீதே நம்பிக்கை இழந்தார்கள். பசிபிக் கடலை ஆராய்ந்த கேப்டன் ஜேம்ஸ் குக் வேறு முளைகட்டிய பார்லிக் கஷாயத்தைப் பாராட்டி எழுதினார்.

குக் மாலுமிகளின் மனதை நன்றாகப் படித்தவர். எண்டெவர் கப்பலில் புளித்த முட்டைகோசை ஆட்கள் தொட மறுத்தபோது, அதை அதிகாரிகளின் மேசையில் தினமும் பரிமாறச் செய்து, மற்றவர்கள் விரும்பினால் எடுக்கலாம் என்று விட்டுவிட்டார். ஒரு வாரத்துக்குள் அளவு வைத்துக் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. அதே குக், பயணத்தின் தொடக்கத்தில் மதீராவில் புதிய இறைச்சியைச் சாப்பிட மறுத்த இரண்டு பேருக்கு ஆளுக்கு 12 சவுக்கடி கொடுத்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எலுமிச்சையின் கதை முடிந்தது நம் கரையில். 1794 ஏப்ரலில், பின்னாளில் அட்மிரலான பீட்டர் ரெய்னியரின் சஃபோக் கப்பல் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, எங்கும் கரை தொடாமல் 23 வாரங்கள் ஓடி, செப்டம்பரில் சென்னைக்கு வந்து நங்கூரம் போட்டது. தினமும் ஒவ்வொருவருக்கும் முக்கால் அவுன்ஸுக்கும் சற்றுக் குறைவான எலுமிச்சைச் சாறு, சர்க்கரை சேர்த்து க்ராக்கில் கலந்து கொடுத்தார்கள். வழியில் சிலருக்கு அறிகுறி தெரிந்தபோது சாற்றின் அளவைக் கூட்டினார்கள், மறைந்துவிட்டது. ஸ்கர்வியில் ஒருவரும் சாகவில்லை. மருத்துவர் கில்பர்ட் பிளேன் போன்றவர்கள் இதைக் காட்டி வாதாடினார்கள், மறு ஆண்டே ஆணை வந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன், 1783 ஜூனில், இதே கடலில் நிலைமை வேறு. கடலூருக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி சஃப்ரெனோடு மோதிய எட்வர்ட் ஹ்யூஸின் கப்பல்களில் நூற்றுக்கணக்கானோர் ஸ்கர்வியில் படுத்திருந்தார்கள். குடிநீரும் தீர்ந்துகொண்டிருந்தது. சண்டைக்குப் பிறகு அவர் சென்னைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

சரி, இந்த மாலுமிகள் யார்? எல்லோரையும் அடித்துப் பிடித்து இழுத்து வந்தார்கள் என்பது மிகை. தானாகச் சேர்ந்தவர்களும் நிறைய. ஆனால் போர் மூண்டால் ஆள்பிடிக்கும் படைகள் துறைமுகத் தெருக்களில் இறங்கும். அவர்களுக்கு வேண்டியது கடல் தெரிந்த ஆட்கள். அதனால் தெருவைவிடக் கடலில்தான் அதிகம் பிடித்தார்கள். இரண்டு ஆண்டுப் பயணம் முடித்து, வீட்டுக்கு இன்னும் சில மணி நேரம்தான் என்று வந்துகொண்டிருக்கும் வணிகக் கப்பலை மறித்து, அதன் நல்ல மாலுமிகளை எடுத்துக்கொள்வார்கள். ஊரின் கரை கண்ணுக்குத் தெரியும். ஆனால் இறங்க முடியாது. சவுக்கைவிடக் கொடியது இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சிறுவர்களும் இருந்தார்கள். 12 வயதில் 1771இல் கப்பலேறிய ஹொரேஷியோ நெல்சன், 1774இல் ஸீஹார்ஸ் கப்பலில் சென்னைக்கு வந்தபோது பதினைந்து வயதுப் பையன். ஆப்பிரிக்க வம்சாவளியினரும் கணிசமாக இருந்தார்கள். பின்னாளில் அடிமை முறைக்கு எதிராகக் குரல் கொடுத்த ஒலௌடா எக்குவியானோ, ஏழாண்டுப் போரில் போர்க்கப்பல்களில் இருந்தவர். அப்போது அவரே ஓர் அதிகாரியின் அடிமை. பெண்களும் உண்டு. துறைமுகத்தில் மனைவிகளும் மனைவி என்று சொல்லிக்கொண்டவர்களும் கப்பலுக்கு வந்து தங்க அனுமதி கிடைத்தது, ஆட்களைக் கரைக்கு விட்டால் ஓடிவிடுவார்கள் என்ற பயத்தால். ஆண் வேடத்தில் வந்தவர்களில் ஹன்னா ஸ்னெல்லின் கதை நமக்கு நெருக்கமானது. கடற்படைச் சிப்பாயாக ஸ்வாலோ என்ற கப்பலில் வந்து, 1748இல் புதுச்சேரி முற்றுகையில் சண்டையிட்டுக் காயம்பட்டவர் அவர். கடலூர் மருத்துவமனையில் கிடந்தும் தான் பெண் என்பதை மறைத்துவிட்டார். 1750இல் ஊர் திரும்பிய பிறகு தானே வெளிப்படுத்தி, அரசு ஓய்வூதியமும் பெற்றார்.

தண்டனை விஷயத்துக்கு வருகிறேன். குடிபோதை, கடமை தவறுதல், திருட்டு, எதிர்த்துப் பேசுதல் எதற்கும் கேப்டன் சவுக்கடி கொடுக்கலாம். விதிப்படி 12 அடிக்கு மேல் கூடாது, ஆனால் பலர் அதை மதிக்கவில்லை. எல்லோரையும் மேல்தளத்தில் நிறுத்தி, மரச் சட்டத்தில் கட்டி, ஒன்பது வால் சவுக்கால் அடிப்பார்கள். ராணுவ நீதிமன்றம் விதித்தால் நூற்றுக்கணக்கான அடிகள், ஒவ்வொரு கப்பலின் அருகிலும் படகில் கொண்டுபோய். அது பல சமயம் மரண தண்டனைதான். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சக மாலுமியின் பொருளைத் திருடியவனுக்கு அடி விழுந்தால் கீழ்த்தளம் அதை நியாயம் என்றே பார்த்தது. அவர்கள் வெறுத்தது முறையில்லாத அடியை. இன்று ஒரு குற்றத்துக்குச் சிரித்துவிட்டு நாளை அதற்கே தோலை உரிக்கும் கேப்டனை. 1797 செப்டம்பரில் ஹெர்மையனி கப்பலின் ஆட்கள், பாய்மரத்திலிருந்து கடைசியாக இறங்குபவனுக்குச் சவுக்கடி என்று மிரட்டிய ஹ்யூ பிகட்டை வெட்டிக் கடலில் எறிந்தார்கள். அவசரத்தில் மூன்று இளைஞர்கள் தவறி விழுந்து இறந்த மறுநாள் அது நடந்தது.

இனிச் சம்பளம். தேர்ந்த மாலுமிக்கு மாதம் 24 ஷில்லிங். இது 1653இல் நிர்ணயித்த தொகை. 1797 வரை, 144 ஆண்டுகள், ஒரு பென்னிகூட ஏறவில்லை. அதுவும் கைக்கு ஒழுங்காக வராது. ஓடிவிடாமல் இருக்க மாதக்கணக்கில் பாக்கி வைப்பார்கள். ஒரு கப்பல் பழுதுபார்க்கப் போனால் ஆட்களைக் கரைக்கு விடாமல் நேராக இன்னொரு கப்பலுக்கு மாற்றுவார்கள். காயம்பட்டுப் படுத்தால் சம்பளம் நிற்கும். எதிரிக் கப்பலைப் பிடித்தால் பங்குப் பணம் உண்டு என்ற ஆசைதான் பலரை ஓட்டியது. 1762இல் ஹெர்மையனி என்ற ஸ்பானிஷ் கப்பலைப் பிடித்தபோது (பெயர் ஒன்றுதான், கப்பல் வேறு) ஒவ்வொரு சாதாரண மாலுமிக்கும் 480 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அது சுமார் முப்பது ஆண்டுச் சம்பளம். கேப்டன்களுக்கோ ஆளுக்கு 65,000 பவுண்டு. இப்படி அதிர்ஷ்டம் அடித்தவர்கள் மிகச் சிலர்.

ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவிகளையும் சொல்ல வேண்டும். ஒருவன் இறந்தால் அவன் தூளியிலேயே வைத்துத் தைத்து, காலடியில் பீரங்கிக் குண்டு கட்டிக் கடலில் இறக்குவார்கள். அப்புறம் அவன் துணிமணிகளைப் பாய்மரத்தடியில் ஏலம் விடுவார்கள். பணம் குடும்பத்துக்குப் போகும் என்பதால் நண்பர்கள் பழைய சட்டைக்கும் அதன் மதிப்பைவிட அதிகமாகக் கேட்பார்கள். நிர்வாகமும் தன் வழியில் ஒன்று செய்தது. இல்லாத ஆட்களின் பெயரை நூற்றுக்கு ஒன்றிரண்டு வீதம் பதிவேட்டில் எழுதி, அந்தச் சம்பளத்தை விதவைகள் நிதியில் சேர்த்தார்கள்.

1797 ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறு. போர்ட்ஸ்மவுத் அருகே ஸ்பிட்ஹெட்டில் நின்ற 16 போர்க்கப்பல்களின் மாலுமிகள் கடலுக்குப் போக மறுத்தார்கள். கப்பலுக்கு இரண்டு பேர் வீதம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, குயின் ஷார்லட் கப்பலின் அட்மிரல் அறையிலேயே கூடிப் பேசினார்கள். தளம் கழுவுவதும் மணி அடிப்பதும் காவலும் வழக்கம்போல நடந்தன. குடித்துவிட்டு ஆடியவர்களை அவர்களே தண்டித்தார்கள். பிரெஞ்சுக் கடற்படை வெளியே வந்தால் உடனே போருக்குக் கிளம்புவோம் என்றும் உறுதி சொன்னார்கள். விலைவாசி ஏறிவிட்டது, எங்கள் சம்பளத்தை உயர்த்துங்கள். பவுண்டுக்கு 16 அவுன்ஸ் கொடுங்கள். துறைமுகத்தில் இருக்கும்போது காய்கறி கொடுங்கள். நோயாளிகளைக் கவனியுங்கள், காயம்பட்டவனின் சம்பளத்தை நிறுத்தாதீர்கள். கடலிலிருந்து திரும்பினால் குடும்பத்தைப் பார்த்துவர விடுங்கள். கேட்டது இவ்வளவுதான். படித்தால், அன்றாடக் கணக்கைப் பொறுமையாக எழுதி வைத்திருந்த மனிதர்கள் கண்முன் வருகிறார்கள்.

நடுவில் அரசாங்கம் ஏமாற்றுகிறது என்ற சந்தேகத்தில் லண்டன் என்ற கப்பலில் மோதல் வந்து சில உயிர்கள் போயின. கடைசியில், மாலுமிகள் நம்பிய எழுபது வயதுக் கிழவர் ஹோ பிரபு கப்பல் கப்பலாகப் படகில் போய்ப் பேசினார். மே 15இல் எல்லாம் முடிந்தது. நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தேர்ந்த மாலுமிக்கு மாதம் ஐந்தரை ஷில்லிங் கூட்டியது. முழு எடை கிடைத்தது. காயம்பட்டவனுக்குச் சம்பளம் தொடர்ந்தது. மாலுமிகள் வெறுத்த பல அதிகாரிகள் கரைக்கு அனுப்பப்பட்டார்கள். எல்லோருக்கும் அரசரின் மன்னிப்பு கிடைத்தது. அதே மாதம் நோர் என்ற இடத்தில் தொடங்கிய இரண்டாவது கலகம் இன்னும் அதிகம் கேட்டது, அது உடைந்தது. அதன் தலைவர் ரிச்சர்ட் பார்க்கரை ஜூன் 30இல் தூக்கிலிட்டார்கள். கரை விடுப்பு மட்டும் எப்போதும்போலக் கேப்டனின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே நின்றது. அடுத்து வந்த நெப்போலியன் போர்க்காலம் முழுக்க, ஆண்டுக்கணக்கில் கரையை மிதிக்காமல் கப்பல் மாறி மாறி வேலை செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.